மொட்டைக்கை அண்ணாச்சியும் பன்னிரண்டு அம்பு முனைகளும்

உலகத்தில் பலவிதமான பைத்தியங்கள் உண்டு. சினிமாப் பைத்தியம், கிரிக்கெட் பைத்தியம், ஜோசியப் பைத்தியம் எல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூர்ப் பைத்தியம் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். இரண்டரை வருஷம் அதற்கு அடுத்த கட்டிலில் படுத்திருக்கிறேன். மழுங்கிய பொருளைக் கண்டால் எங்கள் மொட்டைக்கை அண்ணாச்சி அளவுக்குக் கொதித்துப் போகிற மனிதரை அரபு நாடு அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் காணப்போவதில்லை.

எழுபதுகளின் பிற்பாதி. அபுதாபிக்கு வெளியே முசஃபாவில், மணலுக்கு நடுவே தகரக் கொட்டகை போட்ட ஒரு கட்டுமானக் கம்பெனியின் ஒர்க்‌ஷாப். நான் அங்கே ஸ்டோர் கீப்பர். டைப் அடிக்கத் தெரியும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டதால் ஆபீஸ் வேலையும் என் தலையில். அண்ணாச்சிக்கு டூல் ரூமில் டியூட்டி. ட்ரில் பிட், உளி, லேத் டூல் எல்லாவற்றுக்கும் கூர் போட்டுக் கொடுப்பார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருந்தது.

மொட்டைக்கை என்ற பட்டம் எப்படி வந்தது என்றால், எதைத் தீட்டினாலும் அவர் இடது முன்னங்கையில் வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். முடி சத்தமில்லாமல் உதிர்ந்தால் கூர் சரி. இல்லாவிட்டால் மறுபடியும் கல். இப்படி இழுத்து இழுத்து அந்தக் கை பச்சைக் குழந்தையின் கை மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் வலது கை. அதுவும் தீர்ந்ததும் ஊரார் கைகளுக்கு வந்தார். "ஏ, ஒரு நிமிசம் கையக் காட்டும் வே, ஒண்ணும் ஆவாது" என்பார். நாம் யோசிப்பதற்குள் ஆகிவிடும். எங்கள் கேம்ப்பில் நாற்பது டிகிரி வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுத் திரிந்தவர்களெல்லாம் அவருக்குப் பயந்தவர்கள்தான்.

ஒரு முறை மெடிக்கல் செக்கப்புக்கு வந்த டாக்டர், வரிசையாகப் பதினோரு பேருக்கு இடது முன்னங்கையில் மட்டும் முடி இல்லாததைப் பார்த்து வெலவெலத்துப் போனார். ஏதோ புது வியாதி என்று நினைத்துவிட்டார். குடிதண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, எங்களை மூன்று நாள் ரூமைவிட்டு வெளியே வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். அந்த மூன்று நாளில் அண்ணாச்சி ரூமில் இருந்த அத்தனை ஷேவிங் பிளேடுகளையும் தீட்டி முடித்தார்.

மெஸ் சமையல்காரர் கத்தியை அவரிடம் கொடுத்த கதை தனி. கத்தி திரும்பி வந்த அன்று முட்டைக்கோசோடு பலகையும் சேர்ந்து அறுபட்டு, இரண்டு நாள் நாங்கள் பொரியலில் மரத்தூள் சாப்பிட்டோம். என் மேஜையில் கவர் பிரிக்கிற தகரக் கத்தி ஒன்று இருந்தது. "என்ன வே இது, கரண்டிக் காம்பு மாதிரி" என்று எடுத்துப் போனவர் மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். அதை வைத்து என் மனைவி எழுதிய கடிதத்தைப் பிரித்தேன். கவர் இரண்டாயிற்று, கடிதமும் இரண்டாயிற்று. இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் மாமியாருக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்பதைத் தெரிந்துகொண்டேன்.

இப்பேர்ப்பட்டவர் வாயடைத்துப் போவது ஒரே ஒரு விஷயத்தில்தான். மனைவிக்கு ஐந்து மாசம் ஆகியிருந்தபோது விமானம் ஏறியவர் அவர். பெண் குழந்தை பிறந்ததைத் தந்தியில்தான் தெரிந்துகொண்டார். அந்தக் குழந்தைக்கு இப்போது இரண்டு வயது முடிந்துவிட்டது. போட்டோ ஒன்று டூல் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அவர் கை அதன்மேல் ஒரு தடவை பட்டுவிட்டுத்தான் அரத்தை எடுக்கும். லீவு கேட்டு இரண்டு முறை மனு கொடுத்தார். வேறு ஆள் இல்லை என்று இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டது. மனுவை டைப் அடித்தவன் நான்தான். திரும்பி வந்ததை அவரிடம் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவிலிருந்து மிஸ்டர் டேல் என்பவர் எங்களுக்குப் பெரிய அதிகாரியாக வந்தார். ஆறடி நாலங்குலம். நல்ல மனிதர். ஆனால் அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவர் கேபினில் ஒரு வில் தொங்கும். தானே செதுக்கிய மர வில். வருஷா வருஷம் லீவில் போய்க் காட்டில் மான் வேட்டை. துப்பாக்கியைத் தொட மாட்டார். சக்கரம் வைத்த நவீன வில்லைப் பற்றிப் பேசினாலே முகம் கோணிப் போகும். மர வில், மர அம்பு, அதன் தலையில் இரும்பு முனை, அவ்வளவுதான். சும்மா வேலை விஷயமாகப் போனவனை உட்காரவைத்து ஒரு மணி நேரம் வில்லின் மகிமையைச் சொல்லுவார். எனக்கு அவரைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணாச்சியின் ஞாபகம் வரும்.

இரண்டு பேரும் சந்தித்தால் என்ன ஆகும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். சந்தித்தார்கள். டேல் ஒரு நாள் தகர டப்பாவோடு டூல் ரூமுக்கு வந்தார். நான் மொழிபெயர்ப்புக்கு. டப்பாவுக்குள் அம்பு முனைகள். சிலவற்றுக்கு இரண்டு அலகு, சிலவற்றுக்கு மூன்று, சிலவற்றுக்கு நான்கு. அக்டோபரில் வேட்டைக்குப் போகிறேன், எவ்வளவு தீட்டியும் திருப்தியாக வரவில்லை, கிரைண்டரில் பிடித்துத் தர முடியுமா என்று கேட்டார்.

"கிரைண்டரா? நோ மிஸ்டர்! மாஃபி!" என்று அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்துத் தடுத்தார். மாஃபி என்றால் அரபியில் 'இல்லை'; அவருக்கு அது எல்லா மறுப்புக்கும் பொது. "சூடு ஏறுச்சுன்னா இரும்பு நீலம் பாஞ்சிரும், பொறவு கூரு நிக்காது. சொல்லும் வே இந்த ஆளுட்ட."

சொன்னேன். டேலின் கண் விரிந்தது. அதற்கப்புறம் அங்கே அவர் அதிகாரியாகப் பேசவில்லை.

அண்ணாச்சி ஒவ்வொரு முனையாக எடுத்து, நெற்றியைச் சுருக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டேல் கொண்டுவந்திருந்த ஒரு அம்பில் சொருகி, முனையைக் கட்டைவிரல் நகத்தில் நிறுத்திச் சுழற்றினார். ஆடினால் ஒதுக்கினார். அரத்தின் ஓரத்தால் லேசாகச் சுரண்டினார். "இது வெண்ணெ. எலும்புல பட்டா மடங்கிப் போவும். இது கண்ணாடி. ஒடஞ்சி போவும்." அப்புறம் கேட்டார், "அந்த வில்லு எம்புட்டு பலமா இழுக்கும்னு கேளும்."

ரொம்ப பலமில்லை, எனக்கு இப்போது தோள்வலி என்று டேல் உள்ளதைச் சொன்னார்.

"அப்பம் ரெண்டு அலகுதான். நாலு அலகு வச்சா உள்ள போற வழில நாலு பக்கமும் சண்டை போட்டுக்கிட்டுல்லா போவும்? இது கத்தி மாதிரி நேரா இறங்கிரும்."

இரண்டு அலகு வைத்த பன்னிரண்டு முனைகள் தேறின. மீதியெல்லாம் டப்பாவுக்கே திரும்பின. தோள்வலியைக்கூட யோசித்து முனை தேர்ந்தெடுத்த ஆளை டேல் அதுவரை பார்த்ததில்லையாம். பதிலுக்கு உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கச் சொன்னார். அண்ணாச்சி பெட்டி மூடியைத் திறந்து போட்டோவைக் காட்டினார். நான்தான் மிச்சத்தைச் சொன்னேன். டேல் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மனுவை டைப் அடித்து வை, நான் ஊருக்குப் போகும் முன் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போவேன் என்றார். அவர் போய்விட்டால் திரும்பி வர இரண்டு மாசம். அவர் இடத்தில் உட்காரப் போகிறவருக்கு லீவு என்ற வார்த்தையே ஆகாது என்பது கேம்ப் முழுக்கத் தெரியும்.

அடுத்த மூன்று வாரம் நான் பட்ட பாடு! அரம் எங்கே படுகிறது என்று தெரிய அலகில் மை பூச வேண்டும் என்று என் ஸ்டாம்ப் பேட் போயிற்று. அரம் முடிந்து கல், கல் முடிந்து தோல். பிசிறு போகத் தோலில் இழுக்க வேண்டுமாம். நல்ல தோல் என்னுடைய பெல்ட்தானாம். மூன்று வாரம் ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்டோர் நடத்தினேன். கடைசிப் பரீட்சை ரப்பர் பேண்டில். காலி பால் பவுடர் டின்னின் வாயில் ரப்பர் பேண்டை இழுத்து மாட்டி, முனையை அதன்மேல் சும்மா வைப்பார். அழுத்தக் கூடாது. வைத்த கனத்திலேயே ரப்பர் 'பட்'டென்று அறுந்தால்தான் பாஸ். என் ஸ்டோரில் இரண்டு பெட்டி ரப்பர் பேண்ட் காலி.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏன் அண்ணாச்சி, நீங்க சனிக்கிழமை கவிச்சி தொடமாட்டீங்க. மானைக் கொல்றதுக்கு இவ்வளவு பாடுபடுறீங்களே?"

அவர் கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் தீட்டலேன்னாலும் அந்த ஆளு போவத்தான் போறாரு. மழுங்கல வச்சு அடிச்சா அது ரெண்டு நாளு கெடந்து துடிக்கும் வே. கூரா இருந்தா என்ன நடந்துச்சின்னே அதுக்குத் தெரியாது. மழுங்கல்தான் பாவம்."

அந்த வருஷம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது, கேம்ப்புக்கு லீவு நாள். டேலுக்கு சனிக்கிழமை இரவு விமானம். சனிக்கிழமை காலை வந்து முனைகளை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. எங்கள் ரூமில் வழக்கம்போல் சாமி படம், பொரி, கொண்டைக்கடலைச் சுண்டல். ஸ்பேனர், வெல்டிங் ஹோல்டர், என் டைப்ரைட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். டிரைவர் கான் பாய் பெஷாவர்க்காரர். அவரே பிக்கப்பை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, "பாய், மேரா காடிக்கும் போடு" என்று பொட்டு வாங்கிக்கொண்டு போவார்.

அன்று அண்ணாச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. "வருசா வருசம் ஆயுத பூசைன்னு சொல்லிட்டு ஸ்பேனரல்லா கும்பிடுதோம். இந்த வருசம்தான் வே நெசமான ஆயுதம் வந்திருக்கு!" பன்னிரண்டு முனைகளையும் தட்டில் வட்டமாக அடுக்கினார். ஈரம் பட்டால் துருப்பிடிக்கும் என்று கூரில் படாமல் கழுத்தில் மட்டும் சந்தனம் வைத்தார். தட்டுக்கு அடியில் அவருடைய லீவு மனு. பக்கத்தில் பொட்டு வைத்த என் டைப்ரைட்டர். இனி மறுநாள் தசமி பூஜை முடிகிறவரை எதையும் தொடக்கூடாது.

மாலை நாலரைக்கு வாசலில் பிக்கப் வந்து நின்றது. பெட்டியும் வில்லுமாக டேல் இறங்கினார். விமானக் கம்பெனி அவருடைய டிக்கெட்டை மாற்றிவிட்டதாம். இன்று இரவே துபாயிலிருந்து கிளம்ப வேண்டும். ஐந்தரைக்கு மேல் ஒரு நிமிஷம்கூட நிற்க முடியாது என்று கான் பாய் ஸ்டியரிங்கைவிட்டு இறங்காமலே கத்தினார்.

டேல் தட்டைப் பார்த்துக் கை நீட்டினார். அண்ணாச்சி குறுக்கே வந்து நின்றுவிட்டார். "மிஸ்டர், டுடே மாஃபி. டுமாரோ."

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணாச்சி, கொடுத்து அனுப்புங்க. அவர் இப்ப போனா உங்க லீவும் கூடவே போயிடும்!"

"தெரியும் வே. எனக்குத் தெரியாதா?" என்றவர் தட்டைவிட்டு நகரவில்லை. "பூசையில வச்ச பொருள நடுவுல எடுத்தா நல்லதில்ல. அந்த ஆளு வேட்டைக்குப் போறாரு. நான் பிள்ளையப் பாக்கப் போறேன். ரெண்டு பேரும் நல்லபடியாப் போயிட்டு வர வேண்டாமா?"

டேலுக்கு விவரத்தைச் சொன்னேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ ஷூவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். வேட்டைக்கு முந்தின நாள் என் வில் நாணை என் மனைவிகூடத் தொட முடியாது, இந்த ஆள் சொல்வது எனக்குப் புரிகிறது, ஐந்தரை வரை யோசியுங்கள் என்றார். நான் நீட்டிய சுண்டலை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார்.

யோசித்து என்ன செய்வது? சுவரில் ஊரிலிருந்து வந்த தினசரிக் காலண்டர் தொங்கியது. அதைப் போய்ப் பார்த்தேன். நவமி மாலை மணி 6.48 வரை, பின்பு தசமி என்று போட்டிருந்தது. எனக்குப் பொறி தட்டியது.

"அண்ணாச்சி! ஆறு நாப்பத்தெட்டுக்கே தசமி வந்துடுதே. தசமி வந்தா எடுக்கலாம் இல்லையா?"

"காலைலதான் எடுக்கது வழக்கம். அவசரத்துக்கு எடுத்தாலும், இப்பம் மணி நாலே முக்கால்லா? அந்த ஆளு அஞ்சரைக்குப் போறாரு."

"அது ஊர் நேரம். நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி. இங்கே அஞ்சு பதினெட்டு."

"அதெப்படி? காலண்டர்ல ஆறு நாப்பத்தெட்டுன்னா நம்ம கடியாரத்துல ஆறு நாப்பத்தெட்டு ஆவணும். சூரியனே இங்கன பிந்தித்தானே வருது?"

"சூரியன் பிந்தி வரட்டும். தசமி எல்லாருக்கும் ஒரே நேரத்துலதான்."

"யாரு சொன்னா? நீரு என்ன ஐயரா?"

பக்கத்து அறைக்காரர்கள் நாலு பேர் வாசலில் கூடிவிட்டார்கள். அவர் கட்சிக்கு இரண்டு பேர், என் கட்சிக்கு இரண்டு பேர். ஊரில் பிறந்த தசமி கடல் தாண்டி முசஃபா வந்துசேர ஒன்றரை மணி நேரம் ஆகுமா ஆகாதா என்று பட்டிமன்றம் நடக்கிறது. ஐந்து மணி. ஐந்து ஐந்து. கான் பாய் ஹாரனை அழுத்தி, "யல்லா பாய், ஜல்தி!" என்கிறார். டேல் இரண்டாவது கிண்ணம் சுண்டலில் இருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணாச்சி, உங்க பொண்ணு ஊர்ல பொறந்தாளே, அந்த நிமிஷமே நீங்க இங்கே அப்பா ஆயிட்டீங்களா, இல்லை ஒன்றரை மணி நேரம் கழிச்சு ஆனீங்களா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அப்புறம் திறந்திருந்த டூல் பெட்டியின் மூடியைப் பார்த்தார்.

"அப்பமேதான்" என்றார் மெதுவாக. "அவ பொறந்தப்பமே." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கற்பூரத்த எடும் வே" என்றார்.

ஐந்து பதினெட்டு வரை எல்லாரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். முள் தொட்டதும் கற்பூரம் ஏற்றிக் காட்டினார். கும்பிட்டுவிட்டு, பூஜை முடிந்ததற்கு அடையாளமாகத் தட்டை வடக்கே ஒரு விரற்கடை நகர்த்தினார். பன்னிரண்டு முனைகளையும் எண்ணெய்த் துணியில் தனித்தனியாகச் சுற்றி டேலிடம் கொடுத்தார். டேல் கடைசி ஒன்றை மட்டும் பிரித்து ரப்பர் பேண்டில் வைத்துப் பார்த்தார். 'பட்'டென்றது. அடியிலிருந்து மனுவை எடுத்து நீட்டினேன். கட்டிலில் வைத்தே, தன் பேனாவால் கையெழுத்துப் போட்டார். விஜயதசமி அன்று எழுதும் முதல் எழுத்து விசேஷம் என்று நமக்கு ஒரு நம்பிக்கை உண்டல்லவா? அந்த வருஷம் எங்கள் ரூமில் அதை எழுதியவர் மிஸ்டர் டேல்தான். நெற்றியில் அண்ணாச்சி வைத்த சந்தனத்தோடு அவர் வண்டியில் ஏறியபோது மணி ஐந்து இருபத்தொன்பது.

அடுத்த வாரம் அண்ணாச்சி ஊருக்குப் போனார். இரண்டு மாசம் ரூம் வெறிச்சென்று இருந்தது. என் கையில் முடி முளைத்தது. அதைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை என்றால் நம்புவீர்களா?

டேல் முதலில் திரும்பி வந்தார். பன்னிரண்டில் பதினொரு முனைதான் வந்தது. பன்னிரண்டாவது மானுக்கு இரண்டடி தள்ளி ஒரு மரத்துக்குள் இறங்கிவிட்டதாம். எவ்வளவு முயன்றும் பிடுங்க முடியவில்லையாம். மான் கிடைக்காத வருத்தமே இல்லாமல், அது இறங்கிய ஆழத்தைக் கையால் அளந்து அளந்து காட்டினார். அண்ணாச்சி வந்ததும் இதைச் சொன்னேன். "கூரு என் பொறுப்பு, குறி அந்த ஆளு பொறுப்பு" என்று சொல்லிச் சிரித்தார். மான் பிழைத்ததில் அவருக்குச் சந்தோஷம் என்று முகத்திலேயே தெரிந்தது.

பெட்டியிலிருந்து அல்வாவை எடுத்துக் கொடுத்தார். குழந்தையைப் பற்றிக் கேட்டேன்.

"மொத நாலு நாளு என்னப் பாத்தாலே அழுகை. அஞ்சாம் நாளு தோள்ல ஏறிட்டா. பொறவு எறங்கவே இல்ல."

"வீட்டுல இருந்த கத்தி, அருவாமனை எல்லாத்தையும் தீட்டித் தள்ளியிருப்பீங்களே?"

அவர் வாசலில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யார்ட்டயும் சொல்லிப் போடாதயும் வே. பிள்ளை கைக்கு எட்டுனதெல்லாம் இழுக்கா. ஒரு நாளு ஓடிப் போயி அருவாமனையப் பிடிக்கப் போனா. எனக்கு உசிரே இல்ல. அன்னைக்கே அரத்த எடுத்து அத மழுக்கிட்டேன். கத்தி, கத்திரிக்கோலு, ஒண்ணு விடல. இப்பம் எங்க வீட்டுல ஒரு வெண்டைக்கா அறுபடாது. நசுங்கத்தான் செய்யும். பொண்டாட்டி தெனமும் வைதா. வையட்டும்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு, ஏதோ திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. அந்த மனுஷனை அந்த நிமிஷம் எனக்கு அவ்வளவு பிடித்துப் போயிற்று.